மடிக்கணினியின் விசிறி ஓசையும் தொடுதிரைக் கோளாறுகளும்

மின்சாரத்தால் இயங்கும் கணினி, தான் பெறும் மின்சக்தியை இறுதியில் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. கணக்குப் போடுவதும், எழுத்தைக் காட்டுவதும், படத்தை ஓட்டுவதும் இடைநிலை வேலைகளே. பெரிய யந்திரமாயின் உஷ்ணத்தைப் பரப்ப இடமுண்டு. இரண்டு விரற்கடைத் தடிப்புக்குள் அடங்கும் மடிக்கணினியில் அந்த இடம் இல்லை. ஆகையால் அதனுள் ஒரு சிறு விசிறி அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த விசிறி இரைச்சலிடத் தொடங்கியதும் விசிறியே பழுதாயிற்று என்று முடிவு கட்டிவிடுவது பொதுவான வழக்கம். பெரும்பாலும் அது சரியன்று. இரைச்சல் ஓர் அறிகுறியே. எந்த ஓசை, எப்போது எழுகிறது, எதனால் மாறுகிறது என்பவற்றை அறியுமுன் திருப்புளியைக் கையில் எடுப்பது, நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

கள ஊழியரும் ஆசிரியரும் இதில் கவனம் செலுத்த வேண்டிய காரணம் எளிது. கணக்கெடுப்புப் படிவங்களும், பள்ளிகளின் யூடைஸ் பிளஸ் விவரங்களும், மாணவர் மதிப்பெண்களும் இன்று கணினியிலேயே பதிவாகின்றன. பல பள்ளிகளில் ஒரே ஒரு கணினிதான் இருக்கும். அதைத் தவறாகத் திறந்து பழுதாக்கிவிட்டால் நஷ்டம் யந்திரத்தின் விலையோடு நிற்பதில்லை. ஓராண்டுப் பதிவுகளும் உடன் போய்விடக்கூடும்.

நிக்டியின் சூழ்நிலை

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு வடமேற்கே, பழைய மும்பை-புனே நெடுஞ்சாலையை ஒட்டி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டு அமைந்திருக்கிறது நிக்டி. பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்ட பின்னர், இந்த வட்டாரம் படிப்படியாக நாட்டின் பெரிய தொழிற் பகுதிகளுள் ஒன்றாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இம்மாநகராட்சியின் மக்கள்தொகை 17 லட்சத்திற்கு மேல். வேலை தேடி வந்தோருள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இப்பாடத்திற்கு நிக்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், மடிக்கணினிக்கு ஒவ்வாத நிலைமைகள் பலவும் அங்கே ஆண்டுக்குள் மாறி மாறி வருவதுதான்.

ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பநிலை 38 டிகிரி சென்டிகிரேடு அளவை எட்டுகிறது. ஜனவரி விடியலில் 10 முதல் 12 டிகிரிக்கு இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றில் ஈரம் மிகுதி. கோடையில் தக்காணக் கருங்கல்லிலிருந்து பிறந்த மண்ணின் மெல்லிய தூசி எங்கும் படிகிறது. அக்கம்பக்கத்தில் போசரி, ஆகுர்டி, சிஞ்ச்வட் ஆகிய இடங்களில் கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்துள்ளன. பிம்ப்ரியிலிருந்து நிக்டி பக்தி-சக்தி சதுக்கம் வரை மெட்ரோ இரயில் பாதையை நீட்டிக்கும் திட்டத்திற்கு 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. சாலையைத் தோண்டும் எந்த வேலையும் அருகிலுள்ள வீட்டிற்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் புழுதியைக் கொண்டுவரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உஷ்ணம் வெளியேறும் வழி

மடிக்கணினியின் செயலி ஒரு விரல் நகத்தின் அளவே கொண்ட சிலிக்கன் துண்டு. மெல்லிய வகைக் கணினிகளில் அது சாதாரண வேலையின்போது ஏறத்தாழ 15 வாட் சக்தியை உஷ்ணமாக வெளியிடும். கடும் வேலையில் சிறிது நேரம் இதைப் போல் இரு மடங்கையும் தாண்டும். செயலியின் மேல் வெப்பப் பசை என்னும் குழம்பு பூசப்பட்டு, அதன்மேல் செம்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. தகட்டிலிருந்து தட்டையான ஒரு செம்புக் குழாய் விசிறியின் பக்கம் செல்கிறது. இது வெறும் கம்பியன்று. உள்ளே சிறிதளவு திரவம் அடைபட்டிருக்கிறது. சூடான முனையில் திரவம் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று மீண்டும் திரவமாகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலத்தின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, திரும்பி வருகிறது. இத்தகைய வெப்பக் குழாயை 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டினார். குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகச் செதில்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. விசிறி அடிப்பக்கத் துளைகளின் வழியே காற்றை இழுத்து, இச்செதில்களின் இடுக்கில் ஊதி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகிறது.

எவ்வளவு காற்று தேவை என்பதை உயர்நிலைப்பள்ளி மாணவனும் கணக்கிடலாம். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1.2 ஜூல் வேண்டும். 15 வாட் உஷ்ணத்தை ஏற்று 15 டிகிரி சூடேறி வெளியேறும் காற்று, விநாடிக்கு 15 ஐ 1.2 × 15 ஆல் வகுத்தால் வரும் அளவு, அதாவது 0.83 லிட்டர். புனே வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 5 பங்கு குறைவு. எனவே நிக்டியில் 0.88 லிட்டர் வேண்டும். சென்னையில் ஓடும் அதே கணினியின் விசிறி நிக்டியில் நூற்றுக்கு ஐந்து பங்கு வேகமாகச் சுழன்றால் போதும். இதனால் மிகும் ஓசை ஏறக்குறைய ஒரு டெசிபலே. ஆகவே மேட்டு நிலத்தின்மேல் பழிபோட இடமில்லை.

செதில்களின் இடுக்கில் தூசி படிந்து காற்று பாதியாகக் குறைந்தால் நிலைமை வேறு. அதே உஷ்ணத்தை ஏற்கும் காற்று இப்போது 30 டிகிரி சூடேற வேண்டும். அறை 38 டிகிரியாக இருந்தால் வெளிவரும் காற்று 68 டிகிரி. செயலியோ அதைவிடச் சூடு. அதனுள் பதிக்கப்பட்ட உஷ்ண உணர்வி இதை அறிந்து விசிறியை விரைவுபடுத்துகிறது. விசிறியின் வேகம் இரட்டித்தால் காற்றின் அளவும் இரட்டிக்கும். ஆனால் அதைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகும், ஓசை சுமார் 15 டெசிபல் மிகும். செவிக்கு இது முன்னிருந்ததைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு இரைச்சலாகத் தோன்றும். காற்றைச் சற்றே கூட்டுவதற்கு இரைச்சலைப் பெரிதாகக் கூட்டவேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள். விசிறியின் முழு வேகமும் போதாதபோது, வெப்பநிலை 95 அல்லது 100 டிகிரியை நெருங்குகையில், செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேலையின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. "கணினி மந்தமாகிவிட்டது" என்றும் "விசிறி கத்துகிறது" என்றும் வரும் இரு முறையீடுகளும் பெரும்பாலும் ஒரே நோயின் இரு குறிகளே. மந்தத்தைப் போக்கப் புதிய கணினி வாங்கச் சொல்லும் யோசனையை ஏற்குமுன் செதில்களைத் துப்புரவு செய்து பார்ப்பது சிக்கனம்.

பெரிய கணினிகளிலும் இதே சங்கடம் உண்டு. புனே பாஷான் பகுதியில் உள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் 2019ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'பரம் பிரம்மா' என்னும் அதிவேகக் கணினியில், விசிறிக் காற்று போதாதென்று, செயலிகளின் மேலேயே திரவத்தைச் செலுத்திக் குளிரச் செய்யும் முறை கையாளப்பட்டது. மடிக்கணினிக்கு அந்த வசதி இல்லை; சிறு விசிறியையே நம்ப வேண்டும்.

ஓசையை இனங்காணுதல்

அமைதியான அறையில், கணினியைக் கெட்டியான மேசைமேல் வைத்து, வேலை எதுவும் கொடாமல் ஐந்து நிமிஷம் விட்டுக் கேட்க வேண்டும். பின்னர் கனமான ஒரு வேலையைக் கொடுத்து மறுபடியும் கேட்க வேண்டும். ஒரு மரப் பென்சிலின் ஒரு முனையைக் கணினியின் உறையில் மெல்ல வைத்து மறு முனையைக் காதோரம் பிடித்தால் ஓசை எழும் இடம் தெளிவாகும். மருத்துவரின் கேட்புக் கருவிக்கு இது ஏழையின் மாற்று.

வேலைக்கேற்ப ஏறி இறங்கும் 'உஸ்' என்ற தொடர் ஓசை காற்றின் ஓசையே. விசிறி நன்றாக இருக்கிறது. வேகமாகச் சுழலுமாறு ஏவப்பட்டிருக்கிறது. ஏவிய காரணத்தைத்தான் தேட வேண்டும். 'டிக், டிக்' என்றோ 'டர்ர்' என்றோ ஒரே சீராக வந்து, வேகத்துடன் துரிதப்படும் ஓசை, இறகில் ஏதோ உராய்வதைக் குறிக்கும். ஒரு காகிதத் துணுக்கு, இடம் பெயர்ந்த கம்பி, நசுங்கிய அடிமூடி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். விசிறி நிமிஷத்திற்கு 4,800 முறை சுழன்றால் விநாடிக்கு 80 சுற்று. ஒரே ஓர் இறகில் மட்டும் உராய்வு நேர்ந்தால் விநாடிக்கு 80 தட்டு, அதாவது தாழ்ந்த உறுமல். முப்பது இறகுகளிலும் உராய்ந்தால் 2,400 தட்டு, அதாவது கிறீச்சிடும் உயர்ந்த ஒலி. ஒலியியல் பாடத்தில் அதிர்வெண்ணை விளக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அரைப்பது போன்ற கரகரப்பு, குளிர்ந்த காலைப் பொழுதில் கணினியைத் தொடங்கும்போது மிகுந்து, சூடேறியபின் தணியுமாயின், அது விசிறி அச்சைத் தாங்கும் பேரிங்கின் தேய்மானம். கணினியை மெல்லப் பக்கவாட்டில் சாய்க்கையில் இவ்வோசை மாறும். விசிறி நின்றபின்னும் கேட்கும் மெல்லிய சீழ்க்கை வேறு வகை. அது மின்சுற்றில் உள்ள கம்பிச்சுருள்களும் பீங்கான் மின்தேக்கிகளும் அதிர்வதால் எழுவது. காதுக்கு இன்பமன்று, யந்திரத்திற்குத் தீங்குமன்று.

கடைசியாக ஓர் ஓசை. பழைய கணினிகளில் சுழலும் தகடு கொண்ட ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதிலிருந்து 'கடக், கடக்' என்று திரும்பத் திரும்ப ஓசை வந்தால், படிக்கும் முனை தன் இடத்தைக் காண இயலாமல் தடுமாறுகிறது என்பது பொருள். இதை விசிறி ஓசையென்று மயங்கிக் கணினியைச் சாய்த்தும் தட்டியும் பார்ப்பவர் பதிவுகளை இழக்கக்கூடும். அத்தகைய ஓசை கேட்டவுடன் செய்யத்தக்கது ஒன்றே: முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துவிட்டு, யந்திரத்தை நிறுத்துதல். உண்மையில், எந்த ஓசையாயினும் நகலெடுப்பதே முதல் வேலையாக இருப்பது நல்லது. எஸ்.எஸ்.டி எனப்படும் சுழலாத நினைவகம் உள்ள கணினிகளில் இவ்வோசை எழாது. ஆயினும் நகலின் தேவை குறையாது.

காரணம் உள்ளேயா, நிரலிலா?

கணினியைத் திறவாமலே இதை அறியலாம். மின்சாரம் கொடுத்தவுடன், இயங்கு தளம் ஏறுமுன், பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் செல்ல ஒரு விசை உண்டு. அது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். தொடங்கும்போது திரையின் ஓரத்தில் சிலவற்றில் தெரியும். அத்திரையில் பத்து நிமிஷம் விட்டால், பயன்பாட்டு நிரல் எதுவும் அப்போது ஓடுவதில்லை. அங்கும் கரகரப்போ உராய்வோ கேட்டால் குற்றம் உறுப்பில். அங்கே அமைதியாக இருந்து, இயங்கு தளம் ஏறியபின் இரைந்தால் குற்றம் நிரலில் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. சில கணினிகளில் பயாஸ் திரையிலும் விசிறி நடுத்தர வேகத்தில் ஓடும். ஆகையால் வேகத்தை அன்றி ஓசையின் தன்மையையே ஒப்பிட வேண்டும்.

விண்டோஸ் தளத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். செயலியின் உழைப்பை எந்த நிரல் உண்கிறது என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டும். புதுப்பித்தல் வேலையோ கிருமி நிரல் தேடலோ ஓடிக்கொண்டிருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தானே அடங்கும். உலாவியில் திறந்து மறந்த முப்பது பக்கங்கள் அவ்வாறு அடங்கா. பெயர் தெரியாத நிரல் ஒன்று இரவும் பகலும் செயலியைப் பாதிக்கு மேல் உண்ணுமாயின் அது தீய நிரலாகவும் இருக்கலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றதால், அதை இன்னும் வைத்திருக்கும் பள்ளிகள் இதில் கூடுதல் விழிப்புக் கொள்ள வேண்டும்.

துப்புரவு

மெத்தைமேலும் மடியிலுள்ள துணிமேலும் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிவிடும். 'மடிக்கணினி' என்ற பெயரே இவ்வகையில் தவறான யோசனை சொல்லுகிறது. பின்பக்கக் கால்களின் கீழ் இரண்டு சென்டிமீட்டர் உயர மரக்கட்டைகளை வைத்தாலே பல கணினிகள் ஓசை தணிவதைக் காணலாம். செலவு ஏதுமில்லாத பரிகாரம் ஆகையால் இதுவே முதலில் செய்யத்தக்கது. காற்று வெளிவரும் துளையின் எதிரே மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்தால் ஓட்டத்தின் வலிமை தெரியும். விசிறி பலமாக இரைய, கீற்று அசையாமல் தொங்கினால் செதில்கள் அடைபட்டிருக்கின்றன.

தூசி, விசிறிக்கும் செதிலுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளித்துளையிலிருந்து காற்றடித்தால் அது உடைந்து விசிறிக்குள் விழுமேயன்றி வெளியே வராது. முறையான துப்புரவுக்கு அடிமூடியைத் திறக்கத்தான் வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியையும் அலுவலக உடைமையையும் திறக்குமுன் அனுமதி அவசியம். திறப்பவர் சார்ஜரைக் கழற்றி, கணினியை முற்றிலும் நிறுத்தி, உள்ளே நுழைந்தவுடன் பேட்டரியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். விசிறியின் இறகை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டே காற்றடிக்க வேண்டும். கட்டற்றுச் சுழலவிட்டால் வேகம் வரம்பு மீறிப் பேரிங் கெடுவதோடு, சுழலும் மோட்டார் டைனமோவாக மாறி மின்சுற்றுக்குள் மின்னழுத்தத்தை அனுப்பவும் கூடும். செதில்களுக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும். கடைசல் பட்டறையின் அருகே பயன்பட்ட கணினியில் தூசியுடன் இரும்புப் பொடியும் கலந்திருக்கலாம். அது மின்சாரத்தைக் கடத்துமாதலால், சுற்றின்மேல் சிதறாதபடி கணினியைத் தலைகீழாகச் சாய்த்துத் துடைப்பது நன்று.

கரகரக்கும் பேரிங்கிற்கு வீட்டு எண்ணெயை விடும் வழக்கம் உண்டு. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். ஜனவரி விடியலில் 12 டிகிரியாகும் நிக்டியில் அதை விட்டவர், காலையில் விசிறி அசையவே மறுப்பதைக் காண்பார். தையல் யந்திர எண்ணெய் ஒரு சொட்டு சில வகைப் பேரிங்குகளில் சில வாரம் அமைதி தரும். பின்னர் அதே எண்ணெய் தூசியைப் பிடித்துக் கூழாக்கும். தேய்ந்த விசிறியை மாற்றுவதே முறை. மாற்றும்போது கணினியின் மாதிரி எண்ணுக்கு ஏற்ற விசிறியே வேண்டும். உருவம் ஒத்திருந்தாலும் இணைப்புக் கம்பிகளின் வரிசை மாறுபடலாம். வெப்பப் பசை பல ஆண்டுகளில் உலர்ந்து விடும். அதைப் புதுப்பிப்பது பயனுள்ளதே. ஆனால் செயலிமேல் இருக்கும் தகட்டைக் கழற்றும் அந்த வேலை பழகிய கைக்கு உரியது.

தொடுதிரை

விரலின் மின் தன்மையால் திரையை இயக்கும் முறையை 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் விவரித்தார். இன்றைய திரையின் கண்ணாடிக்கு அடியில் இண்டியம்-தகர ஆக்சைடு போன்ற, ஒளியை மறைக்காத ஒரு கடத்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளாகப் படிய வைக்கப்பட்டிருக்கிறது. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. விரல் அருகில் வந்ததும் அதன் கொள்திறன் சிறிது குறைகிறது. மாறுதல் மிகமிகச் சிறியது; ஆகவே வெளியிலிருந்து வரும் மின் கலக்கம் எதுவும் இதை எளிதில் குழப்பிவிடும்.

தொடாத இடத்தில் தானே தொட்டதுபோல் திரை துள்ளுவது, விரல் வைத்த இடம் ஒன்றும் குறி விழும் இடம் ஒன்றுமாவது ஆகிய தொல்லைகள் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் நேர்ந்தால், திரையைப் பழிக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரை ஒழுங்குபட்டால் குற்றம் சார்ஜரிலோ, சுவர்ச் சாக்கெட்டின் எர்த் இணைப்பிலோ இருக்கிறது. சார்ஜர் 230 வோல்ட் மின்சாரத்தைத் துரிதமாக வெட்டி வெட்டிக் குறைத்துத் தருகிறது. அவ்வெட்டினால் எழும் கலக்கத்தை அடக்கச் சிறு மின்தேக்கிகள் உள்ளே உண்டு. எர்த் இருந்தால் கலக்கம் பூமிக்குப் போகும். எர்த் இல்லையேல் அது கணினியின் உடலிலேயே தங்கித் திரையைக் குழப்புகிறது. உலோக உறையைத் தடவும்போது மெல்லிய சிலிர்ப்பு உணரப்படுவதும் இதனாலேயே. அந்த மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்கு. எனினும் அது தரும் எச்சரிக்கை பெரிது.

மூன்று துளைகள் கொண்ட சாக்கெட் இருப்பதனால் மட்டும் எர்த் இருக்கிறதென்று எண்ணிவிடலாகாது. பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத கட்டடங்கள் பல. இதைவிட ஆபத்தானது, எர்த் துளையை நியூட்ரல் கம்பியுடன் சாக்கெட்டிற்குள்ளேயே இணைத்துவிடும் குறுக்கு வழி. திரைத் துள்ளல் உடனே நிற்கும்; வேலை முடிந்ததாகவும் தோன்றும். ஆனால் என்றேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்தச் சாக்கெட்டில் செருகிய ஒவ்வோர் உலோகச் சாமானின் உடலிலும் முழு 230 வோல்ட் ஏறிவிடும். குழந்தைகள் தொடும் வகுப்பறைக் கணினிக்கு இவ்வாறு செய்வது குற்றமென்றே கொள்ளத்தக்கது. உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு, இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043இல் கூறியபடி முறையான எர்த் அமைக்கச் செய்வதே வழி. அதுவரை கணினியைப் பேட்டரியில் ஓட்டி, ஓய்வு நேரத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம்.

மழைக்காலத்தில், குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த திரைமேலும், நனைந்த பையிலிருந்து எடுத்த திரைமேலும் ஈரப் படலம் படியும். நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் விரலின் தடமும் துளியின் தடமும் திரைக்கு வேறுபட்டுத் தோன்றுவதில்லை. நிறுத்திவிட்டு மென்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரைப் பயன்படுத்தலாகாது. திரைமேல் உள்ள எண்ணெய்ப்பசை ஒட்டாப் பூச்சை அது அரித்துவிடும்.

திரையை ஒரு கோணத்தில் வைத்தால் வேலை செய்து, மற்றொரு கோணத்தில் செய்யாமற்போனால் கீல் வழியே செல்லும் மெல்லிய நாடாக்கம்பி முறிந்திருக்கிறது. பின்னால் முழுவதும் மடக்கக்கூடிய வகைக் கணினிகளில் இது கூடுதலாகக் காணப்படும். எந்த நிரலாலும் இதைத் திருத்த முடியாது. எக்கோணத்திலும் தொடுதல் அறவே நின்றுபோயின், டிவைஸ் மேனேஜரில் தொடுதிரைக்குரிய வரியை ஒருமுறை முடக்கி மீண்டும் இயக்கிப் பார்ப்பது தக்கது. கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மின்விசையை முப்பது விநாடி அழுத்தி வைத்து மறுபடி தொடங்குவதும் சில வேளைகளில் பயன்தரும். திரையை 'அளவு திருத்தும்' நிரலை முதலில் ஓட்டுவது பலருடைய பழக்கம். தொழிற்சாலையில் அளவு திருத்தப்பட்ட இவ்வகைத் திரைக்கு அது பெரும்பாலும் வேண்டாத வேலை.

திரை தானே துள்ளிப் படிவங்களில் தவறான கட்டங்களைக் குறித்துவிடுமாயின் அது வெறும் இடைஞ்சலன்று, பதிவையே பொய்யாக்கும். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்ட ஊழியர், டிவைஸ் மேனேஜரில் தொடுதிரையை முடக்கிவிட்டு, விசைப்பலகையாலும் மவுஸாலும் வேலையை முடிப்பதே அப்போதைக்கு ஏற்றது. அன்று திரை வழியே நிரப்பப்பட்ட படிவங்களை மறுபடி சரிபார்ப்பதும் கடமையாகும்.

பேட்டரி வீக்கம்

விசிறி உராய்வுக்கும் தொடு பலகைக் கோளாறுக்கும் ஒரே காரணமாக அமையக்கூடியது பேட்டரியின் வீக்கம். நீண்ட காலம் சூட்டிலும் இடைவிடாத சார்ஜிலும் இருந்த லித்தியம் பேட்டரியின் உள்ளே வாயு பிறந்து, அதன் மெல்லிய உறை தலையணை போல் உப்பும். அது கைவைக்கும் பகுதியை மேலே தள்ளும். தொடு பலகை அழுந்த மறுக்கும். அடிமூடி வளைந்து சில கணினிகளில் விசிறியின் மேல் உராயும். சமதளமான மேசைமேல் வைத்த கணினி ஒரு மூலையில் ஆடினாலும், மூடியபின் விளிம்பில் புதிய இடைவெளி தெரிந்தாலும் இதையே ஐயுற வேண்டும்.

அந்நிலையில் துப்புரவும் இல்லை, சோதனையும் இல்லை. சார்ஜரைக் கழற்றி, கணினியை நிறுத்தி, துணி, காகிதம் முதலியவை அருகில்லாத கல் அல்லது சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும். வீங்கிய பேட்டரியை அழுத்துவதோ, ஊசியால் குத்தி வாயுவை விடுவதோ தீயை வரவழைக்கும். கணினியினின்று அதை எடுப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. எடுத்தபின் குப்பைத் தொட்டியில் போடலாகாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. கணினியின் மற்ற உறுப்புகளுக்கு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் பொருந்தும். நினைவகம் தனி உறுப்பாக இருக்கும் கணினிகளில், பேட்டரி போனாலும் பதிவுகள் போவதில்லை. பழுது பார்ப்பவர் நினைவகத்தைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து நகலெடுத்துத் தர இயலும். கணினியை ஒப்படைக்கும்போதே இதைக் கேட்டு, எழுத்தில் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.